ஆணியில் தொங்கிய மீன்

பொறாமை என்றால் என்னவென்று எனக்குக் காட்டித் தந்தது ஒரு பழைய சைக்கிள் சில்லு. அதற்கு முன்பும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புதுச் சப்பாத்தைப் பார்த்து எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் அதெல்லாம் பொழுது படுவதற்குள் மறந்துபோகும். சில்லு விஷயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

சில்லு மாமாவுடையது. அம்மாவின் தம்பி. திருகோணமலை உட்துறைமுகத்தடியில் படகு இயந்திரம் திருத்தும் கடையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளியின் படகில் மீன் பிடிக்கப் போவார். இரைமீன் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். முள்முருக்கங் கட்டையைச் சீவி, சூடை மீனின் வடிவில் பொய்மீன் செய்து, நிறம் அடித்து, அதைக் கடலில் இழுத்துப் பாரையையும் சீலாவையும் ஏமாற்றுவார். ஏமாந்த மீனைவிட ஏமாற்றிய மீனைத்தான் வீட்டில் எல்லோருக்கும் காட்டுவார்.

நிறம் மட்டும் அடித்தால் போதாது. உப்புத் தண்ணீரும் சீலாவின் பல்லும் சேர்ந்து அதை உரித்துவிடும். மேலே எபொக்சி பூசவேண்டும். ஒரு போத்தலில் பிசின், மற்றதில் அதை இறுகவைக்கும் திரவம். இரண்டையும் சரிக்குச் சரி ஊற்றி, குமிழி எழும்பாமல் மெல்லக் கலக்கி, தூரிகையால் பூசினால் மீன் கண்ணாடிக்குள் போனதுபோல் மினுங்கும். ஆனால் இறுகும்வரை அது தேன்பாணி மாதிரி வழியும். சும்மா தொங்கவிட்டால் எல்லாம் வால்பக்கம் இறங்கி, சளி பிடித்த பிள்ளையின் மூக்குப்போல ஒரு துளி நிற்கும். அதற்காக மாமா அந்தச் சில்லை ஒரு பலகையில் நிறுத்தி, உடுப்புக் கிளிப்புகளால் மீன்களை அதைச் சுற்றிக் கவ்வவைத்து, பின்னேரம் முழுவதும் விடாமல் சுற்றுவார்.

சுற்றுவார் என்று எழுதியது பிழை. சுற்றியது நான்.

எபொக்சி காயும் நேரத்தில் பின் அறைக்குள் வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. கச்சான் காற்று தூசியை அள்ளி வருமென்று யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். அம்மாகூடத் தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நானும் மாமாவும் சில்லும்தான். ஒருமுறை என்னுடைய தலைமயிர் ஒன்று ஈர மீனில் ஒட்டிவிட்டது. மாமா கண்டபாடு ஏசிவிட்டு, அடுத்த நாள் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து பின் அறைக்குள் போகுமுன் தலையை இறுக்கிப் பின்னிக்கொள்வேன்.

பிறகு மாமாவுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பது வழக்கம். பெண்ணுக்கு ஊர் கட்டைபறிச்சான், குடாவுக்கு அந்தப் பக்கம். சில்லும் மாமாவோடு போய்விடும் என்று நான் அழுதேன். ஆனால் மாமாவின் வேலை இங்கே என்பதால் மாமி எங்கள் வீட்டுக்கு வருவதென்று முடிவாயிற்று. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். பழத்தின் பின்னால் மாமியும் வருவார் என்பதை நான் யோசிக்கவில்லை.

மாமி வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பாரைக்கும் சீலாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வந்த சில நாட்களிலேயே, குங்குமம் வைக்கும் குச்சியின் முனையை வெள்ளைப் பெயின்ரில் தொட்டு ஒரு மீனுக்குக் கண் வைத்தார். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"பாருங்கோ மருமோள், உயிர் வந்திட்டுது!" என்றார் மாமா.

எத்தனை மீனை நான் சுற்றியிருப்பேன். ஒன்றுக்காவது அவர் உயிர் வந்ததாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து மாமிக்கும் பின் அறைக்குள் வர அனுமதி. நான் உப்புக்குச் சப்பாணி ஆகிவிட்டதாக எனக்குப் பட்டது. மாமி கிட்ட வந்தாலே சட்டம் பேசத் தொடங்கினேன்.

"மாமி, தொடாதேங்கோ. மாமி, கிட்ட நிண்டு கதைக்காதேங்கோ, எச்சில் தெறிக்கும்."

"மூச்சாவது விடலாமோ, பிள்ளை?" என்று மாமி சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. மாமா மீன்களுக்குப் பூசிமுடித்துச் சில்லில் மாட்டியதும், கடையிலிருந்து போன் வந்தது. ஏதோ படகின் இயந்திரம் நின்றுவிட்டதாம். "பாத்துக்கொள்ளுங்கோ மருமோள்" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். மாமியிடம் சொல்லவில்லை. நான் பெருமையோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

பொழுது படும் நேரம் மாமி விளக்கு வைத்துவிட்டு, சாம்பிராணித் தட்டோடு வாசலில் வந்து நின்றார். சிரட்டைக்கரி கணகணவென்று எரிந்தது.

"மாமி, இங்க கொண்டு வராதேங்கோ!" என்று கத்தினேன்.

நான் நாள் முழுவதும் கத்துகிறவள்தானே. மாமி அதைக் காதில் போடவில்லை.

"சும்மா இரு பிள்ளை. வெள்ளிக்கிழமையில ஒரு அறையை விட்டிட்டுக் காட்டக்கூடாது. எங்கட வீட்டில தண்ணி இறைக்கிற மெசினுக்கும் காட்டுவம்."

சொன்னதோடு நில்லாமல், சுவாமி படத்துக்குக் காட்டுவதுபோல் சில்லுக்கு முன்னால் தட்டைச் சுற்றினார். புகை குறைந்தது போலிருக்கவே, கையிலிருந்த அட்டையால் ஒரு விசிறு விசிறினார். சாம்பல் எழும்பி, அந்தரத்தில் கொஞ்சம் நின்று, ஆறுதலாக இறங்கியது. நானோ சுற்றுவதை நிறுத்தவில்லை, வேலையில் அவ்வளவு கவனம். அதனால் எல்லா மீனிலும் எல்லாப் பக்கமும் சாம்பல் சமமாகப் படிந்தது.

மாமி கிட்ட வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார்.

"துடைக்க ஏலாது மாமி. துணியும் ஒட்டிப்போடும்" என்றேன். "மாமா என்ன சொல்லப்போறாரோ!" என்றும் கவலையோடு சேர்த்துக்கொண்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஒரு மயிருக்கே ஒரு நாள் பேச்சில்லை என்றால், ஒரு தட்டுச் சாம்பலுக்கு எத்தனை நாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

மாமா வந்தார். வாசலிலேயே மணம் பிடித்துவிட்டார். உள்ளே வந்து பெரிய மீனைக் கிளிப்போடு கழற்றி மின்குமிழுக்கு நேரே பிடித்தார். மாமி கண் வைத்த மீன் அது.

"சாம்பிராணி காட்டினீரோ?"

"ஓம்" என்றார் மாமி. "வெள்ளிக்கிழமை எல்லோ..."

மாமா சிரித்தார். குசினியிலிருந்து அம்மா ஓடிவருமளவுக்குச் சிரித்தார். "பொய்மீனுக்குத் தூபம் காட்டின ஆள் திருகோணமலையிலயே நீர் ஒராள்தான்" என்றார். மற்ற மீன்களை அடுத்த நாள் அரத்தாளால் தேய்த்து மறுபடி பூசினார். நான் மறுபடி சுற்றினேன். அந்தப் பெரிய மீனை மட்டும் தேய்க்கவில்லை. தூண்டில் கொளுக்கியும் மாட்டவில்லை. முன் விறாந்தையில், கலியாணப் படத்துக்குக் கீழே ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.

இது என்ன நியாயம்? பழுதான மீனுக்குச் சுவரில் இடம். மாசு மறுவில்லாமல் நான் சுற்றியெடுத்த மீன்களுக்குக் கடல். கல்லில் சிக்கினால் அதோடு போயிற்று. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்காமல் போனது. வயிற்றுவலி என்றேன். அம்மா ஓமத்தண்ணி தந்தார். அது கேட்கிற வலியா?

ஞாயிறு விடிய மாமா என்னுடைய மீன்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டார். போகும்போது, ஒன்றில் குமிழி இருக்கிறதென்று என்னை ஏசிவிட்டுப் போனார். படலையடியில் நானும் மாமியும் நின்றோம்.

மாமி விறாந்தைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "உன்ர மீனெல்லாம் அவரோட கடலுக்குப் போகுது" என்றார். "என்ர மீன் ஆணியில தொங்குது. உன்னை வாய்க்கு வந்தபடி ஏசுறார். என்னை ஒருநாளும் ஏசமாட்டார், பாத்தியே?"

பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன். என் காதுபடச் சொல்லி என்னை வேண்டுமென்றே எரிக்கிறார் என்று நினைத்தேன். பின் அறைக்குப் போய், மீனில்லாத சில்லைக் கோபத்தோடு சுற்றிக்கொண்டிருந்தேன். மாமி பின்னாலேயே வந்து, வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"நானும் ஒருக்காச் சுத்திப் பாக்கட்டோ, பிள்ளை?"

"உங்களுக்கு ஏலாது" என்றேன்.

மாமி அன்றைக்குச் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அங்கேயே நின்று வெறும் சில்லு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.