நகரத்தின் பிறந்தநாள் படம்

டென்மார்க்கில், யூட்லாந்தின் தெற்கில் நாங்கள் இருந்த சின்ன நகரத்தின் பத்திரிகையில், பன்றி விலையையும் நகரசபைச் சண்டையையும் தவிர ஒரு மண்ணும் வராது. அந்த வருடம் நகரத்துக்குப் பெரிய பிறந்தநாள். பழைய மேயர்கள், பழைய தேவாலயம், பழைய பால் பண்ணை எல்லாம் போட்டு முடிந்தபின், 'புதிய நகரவாசிகள்' என்று, இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்களைப் பிடித்தார்கள்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குக் கொப்பன்ஹேகனிலிருந்து சத்தமே இல்லை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மந்திரியே கிடப்பில் போடச் சொன்ன கதை அப்போது வெளியே வரவில்லை. குடும்பம் வந்துவிடும் என்று நம்பி, நகரசபை எனக்கு மூன்று அறை வீடும் தந்திருந்தது. பேப்பரில் வந்தால் மேயராவது ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன்.

மொழிபெயர்க்க என் கூட்டாளி தன் மனைவி பிள்ளையோடு வந்தார். நிருபரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் தலையாட்டித் தலையாட்டி எழுதினான். பிறகு மேயரோடு படம். இடம் போதாது என்று கூட்டாளியைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவருடைய மனைவியும் பிள்ளையும் என் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை பேப்பர் வந்தது. 'நம் நகரில் மகிழ்ச்சியான தமிழ்க் குடும்பம்' என்று படத்தின் கீழே போட்டிருந்தது. நான் சொன்னதில் ஒரு வரி இல்லை. எங்கள் கறி உறைக்குமாம், அதை மட்டும் எழுதியிருந்தான் அறுவான்! பேப்பரோடு கூட்டாளி வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, உங்கட மனிசியை எனக்குக் கட்டி வைச்சிட்டாங்கள்."

"விடும் ஐசே, அவ முந்தியே வடிவான மாப்பிள்ளைதான் கேட்டவ," என்று அவர் சிரித்தார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சட்டியை டங்கென்று வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை நகரசபைக்குப் போனால், அலுவலகப் பெண் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, "வந்துவிட்டார்களா! எவ்வளவு சந்தோஷம்!" என்றாள். வரவில்லை என்று விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

நேரே பத்திரிகைக் கந்தோருக்குப் போய்க் கத்தினேன். கோபத்தில் என் அரைகுறை டேனிஷும் கைவிட்டது. "மனைவி கொழும்பில்! அதை எழுதுங்கள்!"

ஆசிரியர் கோப்பி ஊற்றித் தந்தார். "அது கொப்பன்ஹேகன் விஷயம். நாங்கள் உள்ளூர்ப் பத்திரிகை. ஆனால் பிழையைத் திருத்துவோம்."

திருத்தினார்கள். படத்தில் இருப்பது இவருடைய குடும்பம் அல்ல, இவர் இந்த நகரில் தனியாக வாழ்கிறார். அவ்வளவுதான்.

நான் சத்தம் போட்டு வாங்கிய அந்தத் திருத்தத்தை வேறு யார் வாசித்தார்களோ தெரியாது, நகரசபையின் வீட்டுப் பகுதி வாசித்தது. தனி ஆளுக்கு மூன்று அறை எதற்கு, ஒற்றை அறைக்கு மாறுங்கள் என்றார்கள்.

"அவர்கள் வந்தால்?"

"வந்தபின் விண்ணப்பியுங்கள்."

விண்ணப்பமாம்!

மூன்று அறை வீட்டைக் காலி செய்து, பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் கொழும்புக்குப் போன் எடுத்தேன். மகள்தான் பேசினாள்.

"அப்பா, என்ர அறைக்கு என்ன நிறம் அடிச்சனீங்கள்?"

"மஞ்சள்," என்றேன்.