பாட்டுக்கு அடியில் இருந்த பேச்சு

போன மாதம் ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். செங்கல்பட்டில் பழைய வீடியோ கேசட்டுகளை பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடை. பையிலிருந்து தன் கல்யாணக் கேசட்டை எடுத்து வைத்தாள். லேபிளில் இருந்தது என் கையெழுத்து.

"அக்கா, படம்கூட வேணாம். இதுல நான் பேசனது கேக்குதான்னு பாரு. கல்யாணம் வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். எங்கம்மா, 'நீ எப்ப சொன்ன, சிரிச்சிகினுதான இருந்த'ன்னு இன்னும் சாதிக்குது. இப்ப எனக்கே சந்தேகமா கீது," என்றாள்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கல்யாணத்தின்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மணப்பெண் அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதற்காகவே கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோ முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். கேமராவைத் தூக்கித் தோளில் வைத்து, "வுழுந்தா நீ வுழு, அது வுழக்கூடாது" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. மற்றதெல்லாம் திட்டு வாங்கியே கற்றேன். ஆறு மாதத்தில் எனக்குத் தலைக்கனம் வேறு வந்துவிட்டது.

இவள் கல்யாணம் சதுரங்கப்பட்டினத்தில். அலங்காரம் முடிந்து அம்மா வெளியே போனதும், கேமராவைப் பார்த்தே சொன்னாள்: "அக்கா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்க்கா. வூட்ல சொன்னா அடிக்கிறாங்க. நீயாவது யார்கிட்டனா சொல்லுக்கா."

என் காதில் ஹெட்போன். ஒரு சொல் விடாமல் கேட்டது. நான் கவலைப்பட்டதோ அவள் கண் மையைப் பற்றி. "அழாதம்மா, மை கரையுது. கொஞ்சம் சிரி," என்றேன். சிரித்தாள். நல்ல ஷாட் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

அன்றைக்கு எடிட்டிங் என்றால் கேசட் ஓட்டுகிற இரண்டு டெக். ஒன்றில் டேப் ஓடும், மற்றதில் வேண்டியது மட்டும் பதியும். பிறகு அதன் மேல் முழுக்க சினிமாப் பாட்டு ஏற்றுவோம். பாட்டு ஏறினால் அடியில் இருந்த பேச்சு அழிந்துபோகும். அந்த இடம் வந்தபோது முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். பாட்டை ஏற்றாமல் விட்டிருக்கலாம், அவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்திருக்கலாம். தாலி ஏறிப் பத்து நாளாகிவிட்டது, நமக்கேன் வம்பு என்று பொத்தானை அழுத்தினேன். மூல டேப்பில் அடுத்த வாரமே வேறு கல்யாணத்தைப் பதிந்தோம்.

இப்போது அவள் கேசட்டை ஓட்டினேன். உதடு அசைந்தது, பாட்டு கேட்டது. சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். பாட்டுதான் கூடியது.

"அப்ப நான் சொல்லவே இல்ல போல," என்று பையை எடுத்தாள்.

"நீ சொன்னம்மா. கேமரா புடிச்சது நான்தான். என் காதுல நல்லா வுழுந்துச்சு. பாட்டு போட்டு அழிச்சதும் நான்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக உட்கார்ந்தாள். திரையில் அவள் சிரிக்கிற இடம் வந்தது.

"நான் சொன்னத கேட்டுட்டுதான் சிரிக்கச் சொன்னியா?"

"ஆமா."

வெகுநேரம் அந்தச் சிரிப்பையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லுக்கா. சிரிக்கச் சொன்னதும் நீதான்னு சேத்து சொல்லு."

கடையைப் பூட்டிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.