முதல் கேள்வி வெளியாளுக்கு

1. சிவப்புக் கோடு

நிகழ்ச்சி நிரலின் ஐந்தாவது வரியை எங்கள் மைய இயக்குநர் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தபோது, நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. தர்மபுரியில் ஒரு பல்கலைக்கழக மையத்தின் பொருளாதாரத் துறையில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். காலமான எங்கள் பேராசிரியர் ஒருவரின் நினைவாக, சீனப் பொருளாதார வளர்ச்சி பற்றி அங்கே ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்கும். ஹால் புக்கிங் முதல் பொன்னாடை வரை எல்லாம் என் தலையில்தான்.

அடிபட்ட வரி இது: ‘முதல் கேள்வி, வெளியாள்.’ சொற்பொழிவை ஏற்படுத்திய குடும்பத்தார் கொடுத்த கடிதத்திலேயே அது இருக்கிறது. பல்கலைக்கழகத்தைச் சேராத ஒருவர்தான் முதலில் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த வெளியாள் பெரும்பாலும் பட்டுப்புழு வளர்ப்பவர். சீனப் பட்டு நூல் வந்து இறங்கினால் இங்கே பட்டுக்கூடு விலை சரியும். சீனாவைப் பற்றி எங்கள் மாணவர்களுக்குப் பரீட்சை வரைக்கும்தான் கவலை. புழு வளர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு கூடு ஏலத்திலும் கவலை.

“மேடம், கெஸ்ட் டெல்லியிலருந்து வர்றார். கூடு விக்கறவங்க எந்திரிச்சு வெல கேட்டா அசிங்கம். ஸ்காலர்ஸ் கேள்விய எழுதிக் குடுக்கட்டும், அது போதும்” என்றார் இயக்குநர்.

“லெட்டர்ல இருக்குதுங்க சார்.”

“லெட்டர் பழசு. உங்க பென்ஷன் பேப்பரும் என் டேபிளத் தாண்டித்தான் போகணும், ஞாபகம் வெச்சுக்குங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்த தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். வெளியாள் வருவார் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2. என் தப்பு

கோபத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு சிற்றூரில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் இளம்புழு வாங்குவார்கள். அதனால் எல்லா வீட்டுப் புழுவும் தோலுரிக்க ஒரே நாளில் படுக்கும். அன்றைக்குப் புழு இலை தின்னாது, வளர்ப்பவர்களுக்கும் ஓய்வு. அந்த நாளை விசாரித்துத்தான் நான் எப்போதும் சொற்பொழிவுக்குத் தேதி வைப்பேன். இந்த முறை இயக்குநர் விருந்தாளியின் விமான டிக்கெட்டைப் பார்த்துத் தேதி வைத்தார். நானும் யாரையும் கேட்காமல் அழைப்பிதழ் கார்டை எடுத்துக்கொண்டு கூடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த ஊர் ராஜம்மா பல வருஷமாகப் புழு வளர்ப்பவர். கார்டைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார்.

“ஏங்க காலேஜம்மா, அன்னைக்கிப் புழு கடைசித் தீனியில இருக்கும். ஒரு நேரம் எல வைக்கலன்னாலும் கூடு சிறுத்துடும். கேக்காமயா தேதி போட்டீங்க?”

வெட்கமாகப் போய்விட்டது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“வூட்டுக்காரரு எல வெச்சா நான் வர்றேன். ஆனா கேக்க வுடமாட்டாங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வேல கெடக்குது.”

“மைக்க நானே கொண்டாந்து உங்க கையில குடுப்பேன்” என்றேன்.

3. கடைசி வரிசை

ராஜம்மாவோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். இரண்டு தீனிக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பஸ் பிடித்து வந்தவர்கள். கையில் மல்பெரி இலைக் கறை போகவில்லை. இயக்குநர் அவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

விருந்தாளி தமிழர்தான், டெல்லியில் பேராசிரியர். சீனக் கிராமங்கள் தொழிற்சாலைகளாக மாறிய கதையை ஆங்கிலத்தில் நன்றாகவே சொன்னார். எங்கள் உதவிப் பேராசிரியர் ஒருவர் இடையிடையே தமிழில் சுருக்கிச் சொன்னார். கைதட்டல் அடங்கியதும், எழுதி வைத்த கேள்வியோடு ஒரு ஆய்வு மாணவர் எழுந்தார்.

கார்ட்லெஸ் மைக் என் கையில் இருந்தது. நான் கடைசி வரிசைக்கு நடந்தேன். மேடையிலிருந்து இயக்குநர், “மேடம்” என்றார். கேட்காதது போல் போனேன். பென்ஷன் பேப்பர் கண் முன்னால் வந்துபோனது நிஜம். மைக்கில் சொன்னேன்: “நிறுவனர் கடிதத்தின்படி முதல் கேள்வி வெளியாளுக்கு.”

ராஜம்மா எழுந்து கேட்டார்.

“ஐயா, எங்க கூடு வெல விழுந்தா சீனாவுலருந்து நூலு வந்துடுச்சுன்னு சொல்றாங்க. அங்கயும் என்னாட்டம் புழு வளக்கறவங்க இருப்பாங்க இல்லீங்களா? அவங்க கூடு வெல விழுந்தா, அவங்ககிட்ட யாரு பேரச் சொல்லுவாங்க?”

விருந்தாளி கண்ணாடியைக் கழற்றினார். “இத நான் யோசிச்சதே இல்லம்மா. பாத்துட்டு எழுதறேன்” என்று தமிழில் சொன்னார்.

“சீக்கிரம் எழுதுங்க. எனக்கு எல வைக்கிற நேரமாச்சு” என்று மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு ராஜம்மா கிளம்பினார்.

4. மெமோ

மறுநாள் மெமோ வந்தது, ‘உத்தரவை மீறியது ஏன்?’ கடிதத்தின் நகலையும் சிவப்புக் கோடு போட்ட தாளையும் சேர்த்து வைத்து, ‘இரண்டில் எது உத்தரவு என்று தெரிவிக்கவும்’ என ஒரே வரியில் பதில் எழுதினேன். இயக்குநர் தெரிவிக்கவில்லை. பென்ஷன் பேப்பர் அவர் மேஜையில் வேண்டிய மட்டும் தூங்கியது. தூங்கட்டும் என்று விட்டேன். கெஞ்சப் போகவில்லை.

என் பழைய நாற்காலிக்கு இனி வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தேதியைப் புழு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். மைக்கை வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இந்த வருஷ அழைப்பிதழ் போன வாரம் வந்தது. ஐந்தாவது வரி அதில் அச்சாகவே இல்லை. டெல்லிக்காரர் இன்னும் எழுதவும் இல்லை. ராஜம்மாவுக்குப் போன் செய்தேன். தேதியைக் கேட்டுவிட்டு, “கடைசித் தீனிங்க, இந்தத் தடவ வூட்ட வுட்டு நகர முடியாது” என்றார்.

பரவாயில்லை. ஓய்வு பெற்றுவிட்ட நான் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவள் இல்லை. முதல் வரிசையில் உட்காரப் போகிறேன். ராஜம்மாவின் கேள்வி எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.