வாஷிங் மெஷின் மேல் பிள்ளையார்

மரம் செதுக்கத் தொடங்கும் முன் நூலகத்திலிருந்து ஒன்பது புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். எட்டாவதை முடித்தபோதே, உளியைத் தொடாமல் நான் ஓரளவு தேர்ந்த சிற்பி ஆகிவிட்டதாகத் தோன்றியது. ஒன்பதாவது அதை உறுதிசெய்தது. பிறகு தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆறு உளி, தட்ட ஒரு கொட்டாப்புளி, தோலில் ஒரு மேலங்கி வாங்கினேன். மேலங்கி கச்சிதமாகப் பொருந்தியது.

தோ பாயோவில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பக்கத்தில், ஒரு மடக்கு மேசை போட்டேன். மனைவிக்கு அது துணி உலர்த்தும் இடம். மைத்துனன் அப்போதுதான் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீடு வாங்கியிருந்தான். அவன் பூசை மாடத்துக்கு நானே ஒரு பிள்ளையார் செதுக்கித் தருவதாகக் குடும்ப விருந்தில் எல்லார் முன்னாலும் அறிவித்திருந்தேன்.

"உங்க பிள்ளையார் தம்பி மாடத்துல உக்காந்தா இந்த இடம் உங்களுக்கு," என்றாள் மனைவி. "இல்லேன்னா மேசை, உளி எல்லாத்தையும் பழைய சாமான் எடுக்கிற காராங்கூனிக்குப் போட்டுருவேன்."

ஒவ்வொரு நாள் வேலையையும் நாட்குறிப்பில் எழுதினேன்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், செதுக்கிய பகுதி, காயம். கடைசிக் கட்டம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. முதல் சனிக்கிழமை, இடது கட்டைவிரல். அடுத்த சனிக்கிழமை, அதே விரல், சற்று மேலே.

படத்தை மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளைக் கட்டைமேல் கவிழ்த்து, முதுகைக் கரண்டியால் தேய்த்தால் கோடுகள் மரத்தில் இறங்கிவிடும். ஐந்தாவது புத்தகம் சொன்ன முறை. அச்சாக இறங்கின. "பிழை இல்லை" என்று எழுதி அடிக்கோடிட்டேன். மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்தபிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டாள்.

புதுமனை புகுவிழாவுக்கு வந்த ஐயர்தான் முதலில் பார்த்தார். பட்டுத்துணியை நான் விலக்கியதும் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"தும்பிக்கை வலப்பக்கம் போகுதே. இவர் வலம்புரி. வீட்ல வச்சா ஆசாரமா இருக்கணும். குளிக்காம கிட்டப் போகக்கூடாது. ஒருநாள்கூட பூசை தவறக்கூடாது. முடியுமா தம்பி?"

மைத்துனனுக்குச் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை. "நான் எப்ப தூங்குவேன்னே எனக்குத் தெரியாது ஐயரே. கஷ்டம் லா." பிறகு என் பக்கம் திரும்பினான். "மச்சான், ஒம்போது புத்தகத்துல ஒண்ணுலகூடவா இது போடல?"

போட்டிருந்தது. தாளைக் கவிழ்த்தால் படம் இடம் வலம் மாறும் என்று ஐந்தாவது புத்தகம் அடுத்த பக்கத்திலேயே சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்த தேதியும் என் நாட்குறிப்பில் இருக்கிறது.

பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் திரும்பினேன். மனைவி பக்கத்து இருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "மேசையை மடக்குங்க," என்றாள். மடக்கினேன். எங்கள் மாடத்துக்கும் அதே விதிதான். தரையிலும் வைக்க முடியாது. அவளே வாங்கி வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். உளிகளை நான் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தேன். காராங்கூனிக்காரர் வியாழக்கிழமைகளில் வருவார்.

திங்கட்கிழமை காலை அவள் துணி போட்டாள். மெஷின் கடைசிச் சுற்றில் பிழியத் தொடங்கியதும் பிள்ளையார் நடுங்கினார், ஆடினார், ஆடியபடியே விளிம்பை நோக்கி நகர்ந்தார்.

"ஐயோ, விழுறார்! மேசை, மேசை!"

நான் அசையும் முன் அவளே மேசையை இழுத்து விரித்து, பிள்ளையாரைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மெஷின் அடங்கியது.

"இவர் இனிமே இங்கதான்," என்றாள். "மிச்ச இடத்துல நீங்க செதுக்குங்க. தம்பி மாடம் காலியா கிடக்குதே."

உளிப்பையை எடுக்க வாசலுக்கு ஓடினேன்.

"குளிச்சிட்டு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

குளித்துவிட்டு வந்து புதிய தாளில் படம் வரைந்து, இம்முறை தாளின் பின்பக்கமும் அதே கோடுகளை அழுத்தி வரைந்தேன். அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து, தும்பிக்கை இடம்புரியாகத் தெரிந்த பக்கத்தில், குழந்தைக்கு எழுதுவதுபோல் பெரிய எழுத்தில், "இது மேலே" என்று எழுதிக் கொடுத்தாள்.