ஒரு தலை கூடுதல்

அணியின் பழைய கேப்டன் கனகராஜ் முந்தாநாள் காலையில் காங்கேயத்திலிருந்து அழைத்தார். "மேனேஜர் அண்ணன் போயிட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார். "தனியாத்தான் இருந்தாருங்க" என்றவர், "அப்படித்தான் சொல்றாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

கோவையில் கூடைப்பந்து பார்த்தவர்களுக்கு மேனேஜர் பழனிச்சாமியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் அணி பஞ்சாலை அணியாகத் தொடங்கியது. ஆலை மூடியதும் ஒரு பம்ப்செட் நிறுவனம் எடுத்துக்கொண்டது. தொழில்முறை லீக் வந்தபோது முதலாளிகள் சிலர் சேர்ந்து வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பெயர் மாறியது, சட்டையின் நிறம் மாறியது. மேனேஜர் மட்டும் மாறவில்லை.

பேருந்து கிளம்பும் முன் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவது அவர் வழக்கம். ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர். அவருக்குப் பதின்மூன்று வரும். செய்தியாளனாக உடன் போகும் நான் எண்ணினால் பன்னிரண்டுதான்.

பின் இருக்கையிலிருந்து கனகராஜ், "அண்ணா, அந்தப் பதிமூணாவது ஆளை இன்னைக்கு எறக்குங்க. நம்மாளுக ஒருத்தனும் பந்தைக் கூடைல போடறதில்லை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பழனிச்சாமி சிரிக்காமல் ஓட்டுநரிடம், "ஏறியாச்சு, போலாமுங்க" என்பார்.

ஒருமுறை சூலூரைத் தாண்டும்போது காரணம் கேட்டேன். ஆலை அணிக் காலத்தில், ஆனைமலையில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல மழை. அவசரமாக எண்ணியதில் அவர் ஒரே தலையை இருமுறை தொட்டுவிட்டார். செல்வராஜ் என்ற ஆட்டக்காரர் கடையிலேயே விடுபட்டுப் போனார். பின்னால் வந்த லாரியில் ஏறினார். லாரி கவிழ்ந்தது.

"அடுத்த மேட்ச்சுக்கு எண்ணறப்ப ஒண்ணு கூட வந்துச்சுங்க" என்றார் பழனிச்சாமி. "கையப் பார்த்தா ஈரம். அன்னைக்கு நல்ல வெயிலுங்க."

பிறகு அணி வடக்கே ஒரு நகரத்துக்கு விற்கப்பட்டது. அவரையும் அழைத்தார்கள். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அணியை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் கிடையாது. பெட்டியோடு வந்து பேருந்தில் ஏறி எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ஏனுங்க, நீங்களும் ஒருக்கா எண்ணுங்க" என்றார். எண்ணினேன். பன்னிரண்டு.

"எனக்கும் அதேதானுங்க" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன்.

கனகராஜ் படிக்கு வந்து, "அண்ணா, இப்பத்தான கணக்கு சரியா வந்திருக்குது. ஏறுங்க" என்றார்.

"அவன் வரலை, கண்ணு. மறுக்காவும் உட்டுப்போட்டு வர முடியாது. நீங்க போங்க."

பேருந்து போயிற்று. அவர் மைதானத்தை நோக்கி நடந்தார். பெட்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். இடப்பக்கம் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். அந்த நடை அவருடையது அல்ல; நீளக் கால்கள் உள்ள ஒருவருக்கு ஈடுகொடுப்பவரைப் போல எட்டி எட்டி வைத்தார். இடப்பக்கம் வந்துகொண்டிருந்த நான், எப்போது சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன் என்று எனக்குத் தெரியாது.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது இடப்பக்கத்து அந்த ஓர் ஆள் இடம்தான். நேற்று மயானத்துக்குப் போகும்போதும் அதை விட்டே நடந்தேன். பக்கத்தில் வந்த கனகராஜ் அதற்குள் கால் வைக்கவில்லை.