ராத்தா தொடாத கம்ப்யூட்டர்

மகன் கம்ப்யூட்டரில் விளையாடும் பழைய கார்ப் பந்தயம் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஓடியது. கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன், பத்து நிமிட வேலை. கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அதன் எஞ்சின் இரைச்சல் என்னை நான் வளர்ந்த கற்பிட்டி வீட்டுக்கு இழுத்துப்போனது.

அங்கேயும் இதே விளையாட்டுதான். கடற்காற்றின் உப்பு படியாமல் உம்மா கம்ப்யூட்டரை வெள்ளைத் துணியால் மூடிவைப்பார். கருவாடு காயவைக்கும் வாடியிலிருந்து வரும் வாப்பா, சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் அதன் பக்கம் போகமாட்டார். என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா, என் ராத்தா, பின்னேரங்களில் அதில் டைப்பிங் பழகுவாள். ஒருநாள் கார் நின்றபோது வாப்பாவிடம் சொன்னேன்:

"ராத்தா தட்டித் தட்டித்தான் இது ஸ்டக் ஆகுது."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவள் உட்காரும் கதிரை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"இனி நீ தொட வாணாம் மகள்" என்றார் வாப்பா. ராத்தா துணியை இழுத்து மூடினாள்.

இன்று எங்களைப் பார்க்க வந்திருந்த ராத்தாவை மகன் கூப்பிட்டான். "மாமி, நீங்களும் ஓட்டிப் பாருங்க. இப்ப நல்லா ஓடுது."

அவள் கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். "வாணாம் மகன். நான் தொட்டா ஸ்டக் ஆகிரும்."

அன்றும் பழுது டிரைவரில்தான் இருந்திருக்கும் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால், "கவனமா ஓட்டு" என்று மகனிடம்தான் சொன்னேன்.