மாமனாரின் பாஸ்வேர்டு

ஐந்தருவிக்குப் போகிற வழியில் என் மாமனாருக்குப் பதினாறு அறைகள் கொண்ட லாட்ஜ் ஒன்று இருக்கிறது. ரிசப்ஷனிலிருந்து சமையல்கட்டு வரை எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதுவும் மறந்துவிடக் கூடாதென்று சாவி மாட்டுகிற பலகையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

போன சாரல் சீசனில், ஒருவருக்குப் பதிவான அறை, அவர் பெட்டியோடு வந்து நிற்கும்போது இன்னொருவர் பெயருக்கு மாறிக் கிடந்தது. இப்படி மூன்று தடவை. மூன்றுக்கும் பழி ரிசப்ஷன் அக்காவின் தலையில் விழுந்தது. செங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். "இன்னொரு வாட்டி நடந்துச்சுன்னா நீ வேலைக்கு வரவேண்டாம்" என்று மாமா சொல்லிவிட்டார். "நான் தொடவே இல்ல அண்ணாச்சி" என்று அக்கா அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மருமகள் பிறகு எதற்கு இருக்கிறாள்? ஆளாளுக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, யார் எதைத் தொட்டாலும் பதிவாகிற மாதிரி ஒரு லாகின் சர்வரை லாட்ஜிலேயே வைத்துத் தருகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

போர்வை அடுக்குகிற அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் சர்வரை ஏற்றினேன். ஒரு மத்தியானத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று நாளை விழுங்கியது. பாஸ்வேர்டோடு சேர்த்துப் போட வேண்டிய, நேரத்தை வைத்துப் போனில் மாறி மாறி வருகிற ஆறு இலக்க எண்ணை எத்தனை தடவை போட்டாலும் தப்பு என்றது. கடைசியில் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது!

"மணி பாக்கத் தெரியாத மெஷினா தப்புப் பண்ணுதவனப் பிடிக்கப் போவுது?" என்றார் மாமா.

கடிகாரத்தைத் திருத்திவிட்டு எல்லாருக்கும் லாகின் கொடுத்தேன். "பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது" என்று மாமாவிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

எட்டாம் நாள் காலை மறுபடியும் ஒரு குடும்பம் அறையில்லாமல் வாசலில் நின்றது. "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்று மாமா அக்காவிடம் ஆரம்பிக்க, நான் ஓடிப்போய்ப் பதிவைத் திறந்தேன். காலை ஆறே முக்கால். மாமாவின் பெயர்.

"அந்நேரம் நான் அருவியில்லா நின்னேன்!"

"போன் யார்கிட்ட இருந்துச்சு மாமா?"

"அருவிக்கரையில எண்ணெய் தேய்க்கிறவன்கிட்டதான். போன சீசன்லருந்தே தினமும் அவன்தான வச்சிருப்பான்."

"பாஸ்வேர்டு?"

"அவன்ட்ட தேய்க்க வாரவங்கள்லாம் ரூம் கேக்குதாவளாம். நீயே போட்டுக் குடுத்துருலேன்னு சொன்னேன். வேட்டி சட்டையே அவன்ட்டதான் கெடக்கு. பாஸ்வேர்டை மட்டும் எப்படி மறைக்க?"

அக்கா பையைத் தோளில் போட்டபடி நின்றார். மாமா என் பக்கம் குனிந்து, "ஏ மருமவளே, அதுல எம்பேரை மட்டும் அழிச்சிர முடியுமா?" என்றார்.

மொத்த சர்வரும் என் கையில்தான் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை.

"யாராலயும் முடியாது மாமா" என்றேன்.

மாமா எழுந்துபோய் அக்காவின் பையை வாங்கி மேஜையில் வைத்தார். "தப்பு எம்மேலதாம்மா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

அக்கா உடனே உட்காரவில்லை. "அப்போ முன்னால நடந்த மூணு?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் மாமாவிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அதுவும்தான்" என்றார் மாமா.

அதற்குப் பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.